மரக்கட்டையில் சோலார் ஸ்டாண்டு: காலைத் தரையில் நட்டால் போதுமா?

2021 பிப்ரவரி 6 (வாசகர் கேள்வி)

ஆறு பேனல் வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 2.28 மீட்டர் நீளம், 1.13 மீட்டர் அகலம், 28 கிலோ. கூரையில் ஏற்ற வழியில்லை. வீட்டை ஒட்டி வெயில் விழும் வெற்றிடம் இருக்கிறது. இரும்பு ஸ்டாண்டுக்குச் சொன்ன விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆறு பேனலும் சேர்ந்து 170 கிலோகூட இல்லை. ஒரு கட்டிலில் மூன்று பேர் உட்கார்ந்தால் அதைவிட எடை. நாலு மரக்கால் நட்டு, மேலே சட்டம் அடித்து, பேனலைப் போட்டுவிட்டால் தாங்காதா? மரம் எத்தனை வருஷம் வரும்? செய்து பார்த்தவர்கள் சொல்லவும்.

2021 பிப்ரவரி 7

எடையை எந்தக் கட்டையும் தாங்கும். காற்று தூக்கும்போது கீழே பிடித்து வைக்க வேண்டுமே, அதுதான் இந்த ஸ்டாண்டின் வேலை.

2018-இல் நான் செய்த முதல் ஸ்டாண்டு உங்கள் கணக்கில் செய்ததுதான். நான்கு பேனல். கால்களைக் குழியில்கூட நடவில்லை, கான்கிரீட் கல்லின் மேல் நிறுத்திக் கம்பியால் கட்டியிருந்தேன். ஒரு சாயங்காலம் மழைக்கு முன்னால் பின்பக்கத்திலிருந்து காற்று வந்தது. பின்கால் இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. முன்காலை ஊன்றிக்கொண்டு மொத்தச் சட்டமும் கதவு திறப்பதுபோல் நிமிர்ந்தது, ஒரு கணம் செங்குத்தாக நின்றது, அப்புறம் குப்புற விழுந்தது. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மழை விட்டதும் புரட்டிப் பார்த்தால் இரண்டு பேனலில் கண்ணாடி முழுக்கச் சில்லு சில்லாக வெடித்திருந்தது, ஆனால் ஒரு சில்லுகூட உதிரவில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் பிடித்து வைத்திருந்தது. கையை வைத்தால் மணல்போல் நறநறத்தது.

அதற்கப்புறம்தான் கணக்குப் போட்டேன். காற்றழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும். மீட்டர்/வினாடியில் வேகத்தை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 0.613-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று வரும், அதை 9.8-ஆல் வகுத்தால் கிலோ. மணிக்கு 70 கிலோமீட்டர் காற்றுக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோ. 140 கிலோமீட்டருக்கு 48 இல்லை, 95 கிலோ. உங்கள் ஆறு பேனலின் பரப்பு 15.5 சதுர மீட்டர். அப்படியென்றால் 140 கிலோமீட்டர் காற்றில் சுமார் 1,460 கிலோ. உங்கள் 170 கிலோவை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இது நேராக மோதும் அழுத்தம். சாய்ந்த பலகையின் அடியில் புகும் காற்று இதைவிடக் கூடுதலாகவோ குறைவாகவோ தூக்கலாம், சாய்வையும் திசையையும் பொறுத்தது. வீட்டு வேலைக்கு இந்த எண்ணை வைத்துக்கொண்டு மேலே கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். உங்கள் பகுதியில் கட்டடங்களுக்கு எந்தக் காற்று வேகத்தை எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டு அந்த வேகத்தை வைத்துப் போடுவது இன்னும் நல்லது.

2021 பிப்ரவரி 7, இரவு

பேனலே உடைந்துவிடாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல பேனல்கள் ஐஇசி 61215 என்ற சர்வதேசத் தரச் சோதனையைத் தாண்டி வருபவை. முதுகுப்பக்கம் 2,400 பாஸ்கல் தாங்கும் என்று பலவற்றில் எழுதியிருக்கும். அது சதுர மீட்டருக்கு 245 கிலோ. அதாவது கண்ணாடி கடைசியில்தான் போகும். முதலில் போவது கால், அப்புறம் ஆணி. உங்கள் பேனலோடு வந்த கையேட்டில் எந்த இடத்தில் பிடிக்க வேண்டும் என்று படம் போட்டிருப்பார்கள். அந்த இடத்தை விட்டு வேறெங்கோ பிடித்தால் இந்த 2,400 செல்லாது, உத்தரவாதமும் போய்விடும்.

2021 பிப்ரவரி 9

சரி, அளவுகள். 2019-இல் நிறுத்திய என் இரண்டாவது ஸ்டாண்டும் ஆறு பேனல்தான், பேனல் கொஞ்சம் சிறியது. உங்கள் அளவுக்கு மாற்றிச் சொல்கிறேன்.

ஆறையும் ஒரே வரிசையில் நெட்டுக்குத்தாக வைத்தால் மொத்த அகலம் 6.9 மீட்டர். இதற்கு நான்கு சட்டகம் போதும், ஒன்றுக்கொன்று 2.1 மீட்டர் தள்ளி. ஒவ்வொரு சட்டகத்திலும் முன்கால், பின்கால், இரண்டையும் இணைக்கும் சாய்வுச் சட்டம், நடுவில் ஒரு முட்டு. நான்கு சட்டகத்தின் மேலும் குறுக்கே இரண்டு நீளச் சட்டம். பேனல் இந்த இரண்டின் மேல்தான் உட்காரும். கால் 4×4 அங்குலம். சாய்வுச் சட்டமும் நீளச் சட்டமும் 2×4.

2×4 கட்டையை நிமிர்த்தி வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். ஒரே கட்டைதான், நிமிர்த்தினால் விறைப்பு நான்கு மடங்கு, வலிமை இரண்டு மடங்கு. கணு விழுந்த கட்டை என்றால் கணு நடுவில் வராமல் காலுக்குப் பக்கத்தில் வரும்படி போடுங்கள்.

நீளச் சட்டம் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், பேனல் முடிவு செய்யும். பேனல் ஃபிரேமின் அடிப்பக்கத்தில் துளைகள் இருக்கும். அவற்றை அளந்து அதே இடைவெளியில் சட்டத்தைப் போட்டால் போல்ட் நேராக இறங்கும். உங்களுடையதில் 1.3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 15 பாகை சாய்வுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் 34 செ.மீ. உயர வித்தியாசம். முன்சட்டம் தரையிலிருந்து 65 செ.மீ. என்றால் பேனலின் கீழ் விளிம்பு 52 செ.மீ. உயரத்தில் நிற்கும். அதற்குக் கீழே போக வேண்டாம். மழை தெறிக்கும் மண் கண்ணாடியில் ஏறும், புல் வளர்ந்தால் நிழல் விழும்.

கால்: குழி 30 செ.மீ. விட்டம், 90 செ.மீ. ஆழம். காலின் அடிப்பகுதிக்குத் தார் பூசிக் குழியில் இறக்கிச் சுற்றிலும் கான்கிரீட். அந்த அளவுக் கான்கிரீட் ஒன்று 150 கிலோ வரும், எட்டுக் காலுக்கு 1,200 கிலோ. பேனல், மரம் எடையும் சேர்த்தால் மேலே சொன்ன 1,460-ஐத் தாண்டிவிடும். காற்று எட்டுக் காலையும் சமமாகத் தூக்காது, ஆகவே இதை விளிம்பில் நிற்கும் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள். மண் பிடிப்பது கூடுதல் காப்பு. மணற்பாங்கான இடமென்றால் ஆழத்தைக் கூட்டுங்கள், குழியின் அடியை அகலப்படுத்தி மணிபோல் விரித்து ஊற்றுங்கள்.

(2024-இல் சேர்த்தது: தார் பூசிக் கான்கிரீட்டில் புதைப்பதைச் செய்யாதீர்கள். காரணம் கீழே, 2024 ஜனவரிக் குறிப்பில். அழிக்காமல் விட்டிருக்கிறேன், ஏற்கனவே இதைப் படித்துச் செய்தவர்களுக்கு எங்கே தவறு என்று தெரிய வேண்டும்.)

2021 பிப்ரவரி 9, மாலை

ஒன்று விட்டுப்போனது. 6.9 மீட்டருக்கு ஒரே கட்டை கிடைக்காது, இரண்டை ஒட்ட வேண்டி வரும். ஒட்டு சாய்வுச் சட்டத்தின் மேல்தான் வர வேண்டும், அந்தரத்தில் வரக்கூடாது. முன் நீளச் சட்டத்தில் இரண்டாவது சட்டகத்தின் மேல் ஒட்டு என்றால் பின் நீளச் சட்டத்தில் மூன்றாவதின் மேல் ஒட்டு. இரண்டு ஒட்டும் ஒரே கோட்டில் வந்தால் அங்கே மடியும்.

2021 பிப்ரவரி 11

சாய்வு சரியாக எத்தனை பாகை, அட்சரேகைக்குச் சமமாக இருக்க வேண்டாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். வடகோளத்தில் தெற்கே பார்த்து, தென்கோளத்தில் வடக்கே பார்த்து, அட்சரேகை அளவுக்குச் சாய்ப்பது பொதுவான வழக்கம். ஆனால் இதற்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். பத்துப் பாகை பிசகினால் நேரடி வெயிலில் ஒன்றரைச் சதவீதம்தான் குறையும். சாய்வைக் கூட்டக் கூட்ட நிமிர்ந்து நிற்கும் பரப்பு கூடும், காற்று பிடிக்கும். மரத்தில் செய்கிறவர்கள் கொஞ்சம் தாழ்வாகவே வைத்துக்கொள்வதுதான் என் கட்சி. பத்துக்குக் கீழே மட்டும் போகாதீர்கள், தூசி மழையில் வழிந்து ஓடாமல் கீழ் விளிம்பில் வரப்புக் கட்டி நிற்கும்.

தரையில் வைப்பதால் ஒரு லாபமும் உண்டு. பேனலின் அடியில் காற்று தாராளமாக ஓடும். செல்லின் சூடு 25 பாகைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். கூரையை ஒட்டிப் படுத்திருக்கும் பேனலைவிட இது குளிர்ச்சியாகவே இருக்கும்.

2021 பிப்ரவரி 14

எந்த மரம்?

தேக்கா வேறா என்று போவதற்கு முன்னால் வைரமா வெள்ளையா என்று பாருங்கள். வெட்டிய முனையில் உட்பக்கம் கருத்திருப்பது வைரம், சுற்றி வெளிறியிருப்பது வெள்ளை. பூஞ்சையும் கரையானும் முதலில் வெள்ளையைத்தான் தின்னும். தேக்கே ஆனாலும் அதன் வெள்ளை பகுதி மற்ற மரத்தின் வெள்ளையைப் போலத்தான் போகும். விலை மலிவு என்று இளமரம் வாங்கினால் முக்கால்வாசி வெள்ளையாகவே இருக்கும்.

வைரம் பாய்ந்த மரம் கட்டுப்படியாகாது என்றால் அழுத்தத்தில் மருந்து ஏற்றிய பைன் நல்லது. பைனின் வெள்ளை மருந்தை நன்றாகக் குடிக்கும். ஆனால் மருந்து எப்போதும் கட்டையின் நடு வரைக்கும் போவதில்லை. நீங்கள் அறுத்த முனையும் துளைத்த துளையும் மருந்து ஏறாத மரம்தான். அறுத்த உடனே முனைக்கு மருந்து பூசுங்கள். துளைக்குள்ளும் தூரிகையை விட்டுப் பூசுங்கள். போரான் மருந்து வீட்டுக்குள் போடும் மரத்துக்கு நல்லது, மழையில் நனையும் கட்டையில் கரைந்து வெளியே வந்துவிடும்.

தாமிரம் கலந்த மருந்து ஏற்றிய மரத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஈரம் பட்டால் அது அலுமினியத்தை அரிக்கும். பேனலின் ஃபிரேம் அலுமினியம். ஃபிரேமும் மரமும் தொடும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் பட்டை வையுங்கள். வெறும் பாலிஷ் போட்டதுபோல் மெல்லிய துத்தநாகப் பூச்சுள்ள திருகாணியும் இதில் சீக்கிரம் துருப்பிடிக்கும். உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த போல்ட் அல்லது ஸ்டெயின்லெஸ் மட்டும். மருந்து ஏற்றிய துண்டுகளை அடுப்பில் போடாதீர்கள். பழைய வகை மருந்தில் ஆர்சனிக் இருக்கிறது, புகையிலும் வரும், சாம்பலிலும் தங்கும்.

2021 பிப்ரவரி 15

மூட்டுகளுக்கு ஆணி வேண்டாம், போல்ட்தான். ஏன் என்றால், ஆணி பக்கவாட்டில் நன்றாகப் பிடிக்கும், இழுத்தால் வந்துவிடும். அதிலும் கட்டையின் தலைப்பக்கத்தில், இழை ஓடும் திசையில் அடித்த ஆணி கையோடு வரும். காற்று செய்வது முழுக்க இழுக்கிற வேலை. 12 மி.மீ. போல்ட், இரு பக்கமும் பெரிய வாஷர், மூட்டுக்கு இரண்டு. ஒன்று மட்டும் போட்டால் அதை அச்சாக வைத்துக் கட்டை சுழலும்.

2021 மார்ச் 2

குழி தோண்டியாயிற்று என்று எழுதியிருந்தீர்கள். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் மூலை மட்டத்தைச் சரிபாருங்கள். ஒரு மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 மீட்டர், மறுபக்கம் 4 மீட்டர் அளந்து குறி போட்டால் குறுக்களவு 5 மீட்டர் வர வேண்டும். உங்கள் இடம் குறுகல் என்றால் எல்லாவற்றையும் மூன்றில் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள்.

உயரத்துக்கு ரசமட்டம் போதாது. ஏழு மீட்டருக்குக் கட்டை மாற்றிக் கட்டை வைத்து வந்தால் ஒவ்வொரு முறையும் ஒரு நூல் (அங்குலத்தில் எட்டில் ஒன்று) பிசகி, கடைசியில் அரை அங்குலம் நிற்கும். தண்ணீர்க் குழாய்தான் சரி. ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை முதல் காலில் பிடித்து, மறு முனையைக் கடைசிக் காலில் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நடுவில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்த தச்சர், தண்ணீர் ஆடி நிற்கும் வரை பென்சிலைக் கையில் எடுக்கவே மாட்டார். "அது நிக்கட்டும் தம்பி, நாம அவசரப்பட்டா அது பொய் சொல்லும்" என்பார்.

காலை முதலிலேயே அளவுக்கு அறுக்காதீர்கள். நீளமாக நிறுத்தி, கான்கிரீட் இறுகின பிறகு நூல் பிடித்து எல்லாத் தலையையும் ஒன்றாக அறுங்கள்.

2021 மார்ச் 4

பேனலைப் பூட்டும் விதம். சந்தையில் வரும் கிளாம்ப்கள் அலுமினியத் தண்டவாளத்துக்கு என்றே செய்தவை. மரத்துக்கு ஃபிரேம் துளைதான் வசதி. 8 மி.மீ. போல்ட்டை நீளச் சட்டத்தின் அடியிலிருந்து மேலாக ஏற்றி, ஃபிரேம் துளை வழியாக வெளியே எடுத்து, மேலே நட்டைப் போட வேண்டும். நட்டு போகும் இடம் கண்ணாடிக்கும் ஃபிரேமின் கீழ் உதட்டுக்கும் நடுவே மூன்று செ.மீ. சந்து. விரல் நுனியில் நட்டை ஒட்டிவைத்ததுபோல் பிடித்து முதல் இரண்டு சுற்றைக் கொடுத்துவிட்டால் அப்புறம் ஸ்பேனர் போகும். ஒரு பேனலுக்கு நான்கு, மொத்தம் இருபத்து நான்கு. ஒரு நாள் ஒதுக்குங்கள். பின்பக்கத் தாளில் ஸ்பேனர் உரசாமல் பாருங்கள். அதில் கீறல் விழுந்தால் உள்ளே ஈரம் ஏறும்.

பேனலுக்கும் பேனலுக்கும் நடுவே ஆறேழு நூல் இடைவெளி விட்டால் காற்றுக்கும் கொஞ்சம் வழி கிடைக்கும்.

2021 மார்ச் 20

எர்த் பற்றி எழுதாமல் விட்டிருக்கிறேன். இதை முதல் குறிப்பிலேயே எழுதியிருக்க வேண்டும். பேனல் ஏற்றிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே படியுங்கள்.

இரும்பு ஸ்டாண்டில் எல்லாப் பேனலும் ஒரே உலோகத்தில் உட்கார்ந்திருக்கும். முறையான கிளாம்ப் போட்டு ஸ்டாண்டை எர்த் செய்தால் எல்லாம் சேர்ந்துவிடும். மரம் மின்சாரத்தைக் கடத்தாது. இதில் ஆறு ஃபிரேமும் ஆறு தனித்தீவு. ஏதாவது ஒன்றில் கம்பியின் உறை தேய்ந்து ஃபிரேமைத் தொட்டால் அந்த ஃபிரேம் மட்டும் மின்சாரம் ஏறி நிற்கும், எந்தக் காப்பும் அதைத் துண்டிக்காது. ஆறு பேனலைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட்டை நெருங்கும். கழுவப் போகிறவர் ஈரக்கையோடு தொடுவார்.

என் முதல் ஸ்டாண்டில் ஒரு பேனலுக்கு மட்டும் எர்த் கம்பி கொடுத்துவிட்டு முடிந்தது என்று இருந்தேன். இரண்டாவதைப் பார்க்க வந்த மின்பணியாளர் மீட்டரை எடுத்து முதல் ஃபிரேமுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே வைத்துக் காட்டினார். தொடர்பே இல்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் எர்த் குறி போட்ட துளை இருக்கும். அதில் வெள்ளீயம் பூசிய தாமிர லக் (கம்பி முனையைப் பூட்டும் காது), பல்லுள்ள ஸ்டெயின்லெஸ் வாஷர், அதிலிருந்து ஓடும் ஒரே பச்சைக் கம்பி, கடைசியில் எர்த் ராடு. வெறும் தாமிரக் கம்பியை அலுமினியத்தில் நேரடியாகச் சுற்றாதீர்கள். மழை பட்டதும் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்துவிடும், தொடர்பு போய்விடும்.

கம்பி வேலையை உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள். மரவேலை நம் கையால் செய்யலாம், இது வேண்டாம்.

2021 மார்ச் 21

கூடவே: இணைப்பு முனைகளை மரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள், அந்தரத்தில் தொங்கவும் விடாதீர்கள். ஃபிரேமில் கிளிப் போட்டு நிறுத்துங்கள். வெவ்வேறு கம்பெனி முனைகள் ஒன்றுக்குள் ஒன்று நுழையும், ஆனால் சரியாகக் கவ்வாது. கவ்வாத இடம் சூடேறும். நேர்மின்சாரத்தில் பொறி விழுந்தால் தானாக அணையாது. அடியில் இருப்பது காய்ந்த மரம். வெயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போது முனையைப் பிடுங்கவே கூடாது. முதலில் இன்வெர்ட்டரை நிறுத்த வேண்டும், டிசி சுவிட்சை அணைக்க வேண்டும், அப்புறம்தான்.

2021 ஆகஸ்ட் 8

போல்ட்டெல்லாம் தளர்ந்திருக்கிறது, தவறாகச் செய்துவிட்டேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. மரம் காய்ந்திருக்கிறது. வாங்கும்போது ஈரமாக இருந்த கட்டை காயும்போது அகலத்தில் சுருங்கும், நீளத்தில் ஏறத்தாழ சுருங்கவே சுருங்காது. 4 அங்குலக் காலில் ஒன்றிரண்டு நூல் போவது சாதாரணம். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஒரு வருஷம் என்று மூன்று முறை முடுக்கினால் அப்புறம் அடங்கிவிடும். வாஷர் மரத்துக்குள் புதையும் அளவுக்கு முறுக்காதீர்கள். புதைந்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கும்.

என்னுடையதில் ஒரு நீளச் சட்டம் முறுக்கிக்கொண்டது. ஒரு முனை நேராக, மறு முனை இரண்டு விரல் திரும்பி. அதன் மேல் உட்கார்ந்த பேனலின் ஒரு மூலை தூக்கிக்கொண்டு நின்றது. கண்ணாடிக்கு அப்படி முறுக்கம் கொடுக்கக்கூடாது. நட்டைத் தளர்த்தி மூலைக்கு அடியில் ஆப்பு வைத்துச் சமப்படுத்தினேன். வாங்கும்போதே கட்டையை ஒரு முனையில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்த்திருந்தால் இழை சுற்றிப் போவது தெரிந்திருக்கும்.

2022 நவம்பர் 13

புல். ஒரு மாதம் கவனிக்கவில்லை, முன் விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்கு நிழல். நான்கு விரல்தானே என்று நினைக்கலாம். கீழ் வரிசை செல்கள் முழுக்க மறைந்தால் அந்த வரிசை வழியாக ஓடும் மின்சாரம் எல்லாவற்றுக்கும் தடை. என் பேனல்கள் பழைய வகை, முழுச் செல், நெட்டுக்குத்தாக நிற்பவை. கீழ் வரிசை நிழலில் மூன்று பைபாஸ் டயோடும் (நிழல் பட்ட செல்களைச் சுற்றி மின்சாரத்தைத் திருப்பிவிடும் பாகம்) மாட்டிக்கொள்ளும், பேனலே படுத்துவிடும். உங்களுடையது அரைச் செல் வகை என்றால் மேல் பாதி தனியாக ஓடும், பாதியாவது மிஞ்சும். அடியில் கனமான தாள் விரித்து ஜல்லி கொட்டிவிட்டேன். இப்போது புல் இல்லை, தெறிக்கும் மண்ணும் இல்லை.

குளவி. ஃபிரேமின் உட்பக்கச் சந்தில் மண்கூடு கட்டியிருந்தது. முடுக்கப் போனவன் கையை விடப் பார்த்தேன். விளக்கடித்துப் பார்த்துவிட்டுக் கையை விடுங்கள்.

ஆடு ஏறாதா என்று கேட்டவருக்கு: ஏறும். 52 செ.மீ. அதற்கு ஒரு படி. வேலி போடுங்கள்.

2024 ஜனவரி 21

மேலே பிப்ரவரி 9-இல் எழுதியது தவறு. கால் விஷயத்தில்.

போன வாரம் போல்ட் முடுக்கப் போனபோது கடைசிப் பின்காலில் கையை ஊன்றி எழுந்தேன். கால் லேசாக அசைந்தது. கீழே கான்கிரீட்டும் மரமும் சேரும் இடத்தில் திருப்புளியால் குத்தினேன். பிடி வரைக்கும் போனது. ஒரு தடையும் இல்லை, ஈரமான ரொட்டியில் குத்தியதுபோல். ஒரு சாண் மேலே குத்தினால் முனைகூட இறங்கவில்லை, டக்கென்று கேட்டது. அங்கே மரம் ஐந்து வருஷத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. கான்கிரீட்டின் விளிம்பில் நான்கு விரல் அகலத்துக்கு மட்டும் கறுத்து, நாராகி, நகத்தால் கிள்ளினால் வருகிறது. எட்டில் மூன்று இப்படி.

ஏன் என்று யோசித்துப் பார்த்தால் எல்லாம் நான் செய்த இடத்திலேயே இருக்கிறது. பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். மேலே ஈரம் தங்காது. ஆழத்தில் காற்று குறைவு. இரண்டும் சேர்ந்து கிடைப்பது தரை மட்டத்தில்தான். ஈரக் கட்டையைச் சுற்றிக் கான்கிரீட் ஊற்றினேன். கட்டை காய்ந்து சுருங்கியதும் சுற்றிலும் மயிரிழை இடைவெளி விழுந்தது. மழை அதற்குள் இறங்கியது. கீழே வெளியேற வழியில்லாத கிண்ணம். தார் உள்ளே போன ஈரத்தைக் காயவும் விடவில்லை. தண்ணீர் வராமல் காக்கும் என்று நினைத்துச் செய்த இரண்டும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாத்திரமாகிவிட்டது.

இதைப் படித்துக் கால் நட்டவர்கள் தயவுசெய்து இந்த வாரமே திருப்புளியை எடுத்துக்கொண்டு போங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. வெளித்தோல் ஒரு நூல் கனத்துக்கு நன்றாகவே நிற்கும், குத்தினால்தான் தெரியும். காற்றுக்காலம் வருவதற்கு முன்னால் குத்திப் பாருங்கள்.

2024 பிப்ரவரி 18

மூன்று காலையும் மாற்றிவிட்டேன். பேனலைக் கழற்றவில்லை.

பழைய காலுக்கு ஒரு அடி தள்ளி, சாய்வுச் சட்டத்தின் மறுபக்கத்தில், புதுக் குழி. அதே 30-க்கு 90. கான்கிரீட் ஈரமாக இருக்கும்போதே கம்பிக் கால் வைத்த இரும்புத் தொட்டில் ஒன்றை உள்ளே இறக்கினேன். உருக்கிய துத்தநாகத்தில் முக்கியது, மேலே இரண்டு காது. கான்கிரீட்டின் தலையை மண்ணுக்கு மேலே நான்கு விரல் உயர்த்தி, நாலு பக்கமும் சரிவாக வழித்துவிட்டேன். மரக்கால் அந்தக் காதுகளுக்கு நடுவே நிற்கிறது, குறுக்கே இரண்டு 12 மி.மீ. போல்ட். காலின் அடி கான்கிரீட்டைத் தொடவில்லை. நடுவில் இரண்டு விரல் வெளி. மழை பெய்தால் நனையும், வெயில் வந்தால் காயும். தூக்கும் விசை போல்ட் வழியாக இரும்புக்கும், இரும்பு வழியாகக் கான்கிரீட்டுக்கும் போகிறது. மண்ணை மரம் தொடவே வேண்டியதில்லை.

இப்படி நிறுத்தினால் கால் ஆணி அடித்த பொம்மைபோல் அடியில் ஆடும். புதைத்த காலுக்கு இருக்கும் விறைப்பு இதற்கு இல்லை. அதனால் முட்டு மிக முக்கியம். முன் பின் திசைக்கு ஏற்கனவே இருக்கிறது. பக்கவாட்டில் ஓடும் திசைக்குப் பின்கால் வரிசையில் பெருக்கல் குறிபோல் இரண்டு குறுக்கு முட்டு புதிதாகப் போட்டேன். போட்டபின் மூலையைப் பிடித்து முழு பலத்தோடு உலுக்கினால் நான்தான் அசைகிறேன்.

காலின் தலையையும் கவனியுங்கள். அறுத்த முனை வானத்தைப் பார்த்து நின்றால் உறிஞ்சுகுழல் மாதிரி தண்ணீரைக் குடிக்கும். சரிவாக அறுத்து ஒரு தகடு மூடுங்கள்.

2024 பிப்ரவரி 19

மிச்சம் எங்கே பிடிக்கலாம் என்று கேட்டவருக்கு: சாய்வுச் சட்டம், முட்டு, நீளச் சட்டம் மூன்றிலும் பிடிக்கலாம். பழைய கட்டடம் இடிக்கும் இடத்தில் கிடைக்கும் கைமரங்கள் பெரும்பாலும் நன்றாகக் காய்ந்த வைரம், அதைவிட நல்ல கட்டை புதிதாகக் கிடைப்பதில்லை. ஆணியை மட்டும் பிடுங்கிவிட்டு அறுங்கள். ஆனால் தொட்டில், போல்ட், வாஷர், எர்த் கம்பி நான்கிலும் ஒன்றும் குறைக்காதீர்கள். எட்டுக் காலுக்கும் தொட்டில் போட்டாலும் என் மொத்தச் செலவு இரும்பு ஸ்டாண்டில் பாதியைத் தொடாது.

2025 மார்ச் 16

காற்றுக்காலத்துக்கு முன் சோதனை முடிந்தது. புதுக் கால் மூன்றும் அடியிலேயே கல்லுபோல் இருக்கின்றன. பழைய ஐந்தில் ஒன்றில் திருப்புளி அரை விரல் இறங்கியது. குறி போட்டு வைத்திருக்கிறேன். தொட்டில் நேற்று வாங்கியாயிற்று, இன்று குழி தோண்ட ஆரம்பித்து இரண்டு அடி போயிருக்கிறது. மண் ஈரமாக இருப்பதால் சுலபமாக வருகிறது.

போன ஆண்டு கேட்ட அளவுகள்: தொட்டிலின் காது 5 மி.மீ. கனம், 15 செ.மீ. உயரம். கீழே கான்கிரீட்டுக்குள் போகும் கம்பி 12 மி.மீ., 60 செ.மீ. நீளம், அடியில் கொக்கிபோல் வளைத்தது. வளைக்காமல் நேராக விட்டால் கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வரும்.